ஸ்கைலாப் வருஷத்து மஞ்சள் மூட்டை: திருத்தணி ரயிலடிக்கு ஒரு நாள் பயணம்

அமெரிக்காக்காரன் ஏவிய ஸ்கைலாப் ஆகாசத்திலிருந்து விழப்போகிறது என்று ஊர் ஊராகப் பயந்துகிடந்த வருஷம் அது. எப்படியும் சாகத்தான் போகிறோம் என்று வளர்த்த ஆட்டை அடித்துக் குழம்பு வைத்துத் தின்றவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடு. அதே மாதம் டெல்லியில் மந்திரிசபை கவிழ்ந்தது. அதைப் பற்றி எங்கள் பக்கம் யாரும் கவலைப்பட்டதாக ஞாபகம் இல்லை. கடைசியில் அந்த இரும்பு எங்கேயோ ஆஸ்திரேலியாப் பக்கம் போய் விழுந்தது. ‘என் தலைமேல் விழாமல் இருந்தால் தலைமுடியைத் தருகிறேன் முருகா’ என்று வேண்டிக்கொண்ட அத்தனை பேரும் ஒரே நாளில், ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணியில் வந்து இறங்கினார்கள். அப்போது நான் அந்த ரயிலடியில் போர்ட்டர். வயது முப்பது. பெயர் முனுசாமி.

அன்று ஒரு மஞ்சள் மூட்டை ஆள் மாறிப் போனது. அதனால் என்னோடு வேலை செய்த சுப்பராயலு வேலையை இழந்தான். மூட்டையை மாற்றிக் கொடுத்தது அவனா, நானா? நாற்பத்தாறு வருஷமாக ‘அவன்தான்’ என்று சொல்லி வந்தேன். அதைச் சரிபார்க்கத்தான் இன்று வியாழக்கிழமை அம்பத்தூரிலிருந்து கிளம்பி வந்தேன். வந்த கையோடு, திருத்தணிக்கு வர நினைப்பவர்களுக்கு உதவுமே என்று பாதையையும் செலவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருத்தணி ரயிலடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசி அனுப்புகிறேன். இந்த இணையப் பக்கத்தை நடத்துகிற என் மருமகள் அதைக் கேட்டு எழுத்தாக்குகிறாள். என் பேச்சில் இருக்கும் கொச்சையை அவள் திருத்துவாள். சம்பவத்தைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இத்தனை வருஷம் இல்லாமல் இப்போது ஏன் என்று கேட்பீர்கள். காரணம் ஒரு ஜோடி செருப்பு. போன மாதம் அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து வீட்டுக்கு வந்தேன். பின்னாலேயே ஒருவர் வந்து, நான் போட்டிருப்பது அவருடைய செருப்பு என்றார். இல்லவே இல்லை, என்னுடையதுதான், எங்கே கழற்றினேன், பக்கத்தில் யார் செருப்பு இருந்தது என்பது வரை சொல்லுவேன் என்று வாசலில் நின்று வாதாடினேன். அவர் பையிலிருந்து என் செருப்பை எடுத்துக் கீழே வைத்தார். வலது குதிகாலில் நானே அடித்த ஆணி அதில் இருந்தது. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. இவ்வளவு உறுதியாக இருந்து ஒரு தப்பு நடக்கும் என்றால், இது முதல் தப்புதான் என்று எப்படிச் சொல்வது?

அம்பத்தூரில் காலை ஏழு பத்துக்குத் திருத்தணி லோக்கல் பிடித்தேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். அறுபத்தாறு கிலோமீட்டர் இருக்கும் என்று மருமகள் பார்த்துச் சொன்னாள். இந்தப் பாதையில் வண்டிகளில் பாதிக்கு மேல் அரக்கோணத்தோடு நின்றுவிடும். அதனால் பலகையில் திருத்தணி என்று இருக்கிறதா பார்த்து ஏறுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்னைப் போல வாசலில் நிற்பவரைக் கேளுங்கள், சொல்லுவார்கள். திருவள்ளூர் தாண்டியதும் உட்கார இடம் கிடைத்தது. அரக்கோணம் விட்டதும் வண்டி வடக்கே திரும்பும். இடது பக்க ஜன்னல் கிடைத்தால் நல்லது, மலை தெரியும்.

எட்டு ஐம்பதுக்கு இறங்கினேன்.

ரயிலடியில் இப்போது ஏதோ கட்டட வேலை நடக்கிறது. தகரம் வைத்து மறைத்திருக்கிறார்கள், அதனால் சுற்றித்தான் வெளியே வர வேண்டும். எனக்குத் தெரிந்த ரயிலடியில் மிச்சம் இருப்பது என்ன என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வேப்பமரம் அதே இடத்தில் இருக்கிறது. பழைய பிளாட்பாரத்தின் கல் விளிம்பு கொஞ்ச தூரத்துக்குச் சிமென்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. கரி இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றிய யானைக் குழாய் இல்லை. யானைத் துதிக்கை மாதிரி வளைந்திருக்கும் என்பதால் எல்லோரும் அதை அப்படித்தான் கூப்பிடுவோம். டிரைவர் தண்ணீர் பிடித்து முடித்து, குழாயை நகர்த்துவதற்குள் இரண்டு குடம் நீர் வீணாகக் கொட்டும். அதற்குக் கீழே தலையை நீட்டிக் குளிப்பதற்காகவே காவடிக்காரர்கள் காத்திருப்பார்கள். கரி கலந்த தண்ணீரில் குளித்து, காவியெல்லாம் கறுப்பாகி மலையேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயர்ப் பலகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக இருந்தபோது திருத்தணி ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எனக்குப் பதினோரு வயது. எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் பலகையில் எந்த வரி எப்படி வளையும் என்பது தெரியும். ஒருநாள் பெயின்டர் வந்து ஏணி போட்டார். அடுத்த நாள் பார்த்தால் மேலே இருந்த வரி கீழேயும் கீழே இருந்த வரி மேலேயும் இருக்கிறது. ஊர் மாநிலம் மாறியதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் ரயிலடியில் எங்கள் பேச்சு ஒன்றுதான். பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, கோபம் வந்தால் மட்டும் முழுத் தெலுங்கு.

சரக்குக் கொட்டகை மேற்குப் பக்கம் இருந்தது. மதராசிலிருந்து நூல் மூட்டைகள் வந்து இறங்கும். பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கிப் பொதிகள் மாட்டு வண்டியில் வந்து ஏறும். மாம்பழக் காலத்தில் கூடை. சுமக்கிற எங்களில் முக்கால்வாசிப் பேருக்குப் படிப்பு இல்லை என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். அதனால் பொதியின் மேல் பெயர் எழுதினாலும் பக்கத்தில் ஒரு படம் போட்டுவிடுவார்கள். ஒருவருக்கு மீன், ஒருவருக்குக் கத்தரிக்கோல், ஒருவருக்குப் பிறைநிலா. முப்பத்தோரு படம். எல்லாம் எனக்கு மனப்பாடம். மீனில் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மீனுக்குக் கண் இருக்கும், இன்னொருவர் மீனுக்குக் கண் இருக்காது. நான் ஒருநாளும் மாற்றி ஏற்றியதில்லை. அதனால்தான் கிருத்திகை சமயத்தில் மூட்டைக் கொட்டகை போடுகிற குத்தகைக்காரர் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்.

மூட்டைக் கொட்டகை என்பது இதுதான். ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் காவடியோடு மலைக்குப் போக வேண்டும். துணி மூட்டையைச் சுமந்துகொண்டு படி ஏற முடியாது. ரயிலடிக்கு வெளியே ஓலைக் கொட்டகை போட்டு, மூட்டையை வாங்கி வைத்து, ஒரு பித்தளை வில்லை கொடுப்போம். அதற்கு ஜோடி வில்லை மூட்டையில் தொங்கும். வில்லைகளில் எண் கிடையாது. ஒன்றில் நடுவில் ஓட்டை, ஒன்றில் ஓரத்தில் வெட்டு, ஒன்று முக்கோணம், இப்படி. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் எழுத்தே தேவைப்படாது.

அந்தக் கொட்டகை இருந்த இடத்தைத் தேடினேன். இப்போது அங்கே இருசக்கர வாகன நிறுத்தம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் சீட்டு கிழித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். இங்கே ஒரு காலத்தில் நானும் இதே வேலைதான் பார்த்தேன் என்றேன். சீட்டு தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“ஆர்.சி. புக்கு காட்டணும். இல்லாட்டி வண்டி கெடையாது.”

“முகம் பாத்துக் குடுக்க மாட்டீங்களா?”

“மொகமா? எல்லாம் ஹெல்மெட்டு மாட்டிகினு வரானுங்க நைனா. எவன் மொகத்த நான் பாக்கறது?”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அவர் சொன்னது சரியான இடத்தில் போய்க் குத்தியது.

ஸ்கைலாப் வருஷக் கிருத்திகை அன்று காலை எட்டு மணிக்கே வில்லைகள் தீர்ந்துவிட்டன. அப்படி ஒரு கூட்டத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஸ்பெஷல் வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன, இறங்குகிறவர்கள் மூட்டையை நீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். குத்தகைக்காரர் தலையில் கை வைத்துவிட்டார். பத்தாவது வரை படித்த சுப்பராயலு, காகிதத்தில் எண் எழுதிக் கிழித்துக் கொடுக்கலாம் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். முப்பத்தோரு படத்தை மாற்றாதவன் மனுஷ முகத்தையா மாற்றப் போகிறேன்? முகத்தைப் பார்த்துக்கொண்டேன், போய்வாருங்கள் என்று ஒவ்வொருவரையும் அனுப்பிவைத்தேன். சுருட்டை முடி, நடு வகிடு, கொண்டை போட்ட கிழவர், முறுக்கு மீசை, இரண்டு காதையும் மூடிய கிருதா. ஒவ்வொன்றையும் மனசில் போட்டு வைத்தேன்.

பதினோரு மணிக்கு முதல் கூட்டம் மலையிலிருந்து இறங்கி வந்தது. எல்லாம் மொட்டை. மீசையும் இல்லை. மொட்டைத் தலையில் சந்தனம் அப்பி, வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது. ஆண், பெண், குழந்தை எல்லோரும் ஒரே அச்சு. திருத்தணிக்கு வருகிறவர்கள் முடி இறக்குவார்கள் என்பது அந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காலையில் அது தோன்றவே இல்லை.

அன்று நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பேசச் சொல்லிக் குரலை வைத்துக் கண்டுபிடித்தேன். நடந்து காட்டச் சொன்னேன். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பெண்டாட்டி முகம் தெரியாமல் வேறொரு மொட்டையின் பின்னால் போன ஒருவரைக்கூட நான்தான் திருப்பி அனுப்பினேன். நூற்றுக்கணக்கான மூட்டைகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தன, ஒன்றைத் தவிர.

அது மொட்டை போட வந்தவருடைய மூட்டை இல்லை. சாமுவேல் என்று ஒரு கிறிஸ்தவர். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கிராமம். தங்கையின் கல்யாணத்துக்கு மதராசில் சாமான் வாங்கிக்கொண்டு வந்தவர், கூட்டத்தில் பஸ் எதுவும் நிற்காததால், மூட்டையை எங்களிடம் வைத்துவிட்டு வாகனம் தேடப் போனார். ஜவுளிக்கடையில் மஞ்சள் துணியில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கொட்டகையில் இருந்த எல்லா மூட்டையும் மஞ்சள்தான். இரண்டு மணிக்கு அவர் திரும்பி வந்தார். அன்றைக்கு முழுத் தலைமுடியோடு வந்த ஒரே ஆள் அவர். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. மூட்டைதான் இல்லை.

தங்கைக்கு நாளை மறுநாள் கல்யாணம், சேலை அதற்குள்தான் இருக்கிறது என்று அவர் உட்கார்ந்துவிட்டார். குத்தகைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார். நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் சுப்பராயலு கொடுத்திருப்பான் என்றேன். அப்படித்தான் எனக்கு ஞாபகம். அவன் என்னைவிட நான்கு வயது சின்னவன், உறவு இல்லாவிட்டாலும் என்னைப் பாவா, அதாவது தெலுங்கில் அத்தான், என்றுதான் கூப்பிடுவான்.

“பாவா, நீதான குடுத்த. நல்லா யோசன பண்ணிப் பாரு.”

“யோசன பண்றதுக்கு ஒண்ணும் இல்ல. நான் அந்த மூட்டையத் தொடவே இல்ல.”

என் ஞாபகத்தின் மேல் குத்தகைக்காரருக்கு நம்பிக்கை. ஊருக்கே நம்பிக்கை. சுப்பராயலு மூட்டையை விற்றுவிட்டான் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவியது. அவனை அன்றோடு அனுப்பிவிட்டார்கள். சரக்குக் கொட்டகையிலும் யாரும் அவனைச் சேர்க்கவில்லை. அவன் ஊரைவிட்டுப் போனான். இரண்டு வருஷம் கழித்து நானும் அம்பத்தூருக்குப் பிழைக்க வந்துவிட்டேன்.

இப்போது பயணத்துக்கு வருகிறேன். ரயிலடி வாசலில் ஆட்டோக்காரர்கள் நிற்பார்கள். ஒரு தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மலைக்கா பெரியவரே? மொட்ட போடற செலவு ஒங்களுக்கு மிச்சம்.”

என் தலையில் இருப்பது பின்பக்கம் நாலு முடி. அதையும் முருகனுக்கே எழுதி வைத்துவிட்டேன் என்றேன். மலைக்கு நூற்றைம்பது கேட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு ஐம்பது கேட்டு நாற்பதுக்கு வந்தார். நடக்க முடிந்தவர்கள் நடந்தே போகலாம், கால் மணி நேரம்தான்.

பஸ் ஸ்டாண்டில் இட்லி இரண்டு, வடை ஒன்று, முப்பது ரூபாய். ஒன்பது ஐம்பதுக்கு ஆர்.கே.பேட்டை வழியாகப் பள்ளிப்பட்டு போகும் பஸ் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு மகளிர் இலவசம். நான் காசு கொடுப்பதை ரொம்பப் பெருமையாகப் பார்த்தார். பாதை நெடுக மாந்தோப்பு, கரும்பு, நடுவில் ஊர் வந்தால் விசைத்தறிச் சத்தம். முக்கால் மணி நேரத்தில் ஆர்.கே.பேட்டை. அங்கிருந்து கிராமம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். ஷேர் ஆட்டோ இருந்தால் பதினைந்தில் முடியும். எனக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

‘சர்ச்சுக்கு எதுத்தாப்புல, ரெண்டு கல் தூண் வச்ச வீடு’ என்று சாமுவேல் அன்று சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சர்ச் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கல் தூண் இல்லை, வீடு மாடியாகிவிட்டது. கேட்டதில், சாமுவேல் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, தங்கை எஸ்தர் அதே தெருவில் எட்டாவது வீட்டில் இருக்கிறார் என்றார்கள்.

எஸ்தருக்கு அறுபத்தெட்டு வயது இருக்கும். வாசலில் தறிக்கான பாவு நூலைப் பிரித்துச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் யார் என்று எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. ஸ்கைலாப் வருஷம் உங்கள் கல்யாணச் சேலை தொலைந்த கொட்டகையில் வேலை செய்தவன் என்றேன். அவர் நூலைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தார். என் இரண்டு காதிலும் என் கல்யாணத்துக்குப் போட்ட சிவப்புக் கல் கடுக்கன் உண்டு, இன்றுவரை கழற்றியதில்லை.

“ஆங், நீங்கதானா. வாங்கண்ணா, உள்ள வந்து ஒக்காருங்க.”

தண்ணீர் கொடுத்தார். எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது. ஆனால் முழுதாகக் கேட்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நின்றுபோகவில்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு அக்காவின் வெள்ளைச் சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டாராம். முந்தானையில் மருந்து வாசனை போகவில்லை, தாலி கட்டும்போது மாப்பிள்ளை மூன்று தடவை தும்மினார் என்று சொல்லிச் சிரித்தார். கல்யாணமாகி ஒன்பதாவது நாள், சைக்கிளில் ஒரு ஆள் அந்த மஞ்சள் மூட்டையோடு வந்து நின்றிருக்கிறார். அது சுப்பராயலு.

நடந்தது இதுதான். நகரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மொட்டைக்காரர் கையில் அந்த மூட்டை போயிருக்கிறது. வீட்டில் பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பட்டு, தலைக்குப் போடும் நெட்டு, நடுவில் ஒரு சின்ன பைபிள். பதறிப்போய்த் திருத்தணிக்குத் திரும்ப வந்திருக்கிறார். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். ரயிலடி டீக்கடையில் விசாரித்தபோது அங்கே உட்கார்ந்திருந்தவன் வேலை போன சுப்பராயலு. மூட்டையைக் கொடுத்த போர்ட்டர் எப்படி இருந்தார் என்று அவன் கேட்டிருக்கிறான். காதில் சிவப்புக் கல் கடுக்கன் போட்டிருந்தார் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தப் போர்ட்டர் குரலைக் கேட்டுவிட்டு, ‘இந்தக் கொரல் எனக்குத் தெரியும், இந்தா எடுத்துக்கோ’ என்று மூட்டையை அவர் தோளிலேயே தூக்கி வைத்தாராம்.

கொட்டகையில் கடுக்கன் போட்டவன் நான் ஒருவன்தான். சுப்பராயலு காதில் துளையே கிடையாது.

அப்படியானால் கையில் மூட்டை, பக்கத்தில் சாட்சி, எல்லாம் இருந்தும் அவன் ஏன் குத்தகைக்காரரிடம் போகவில்லை? அதைத்தான் நான் கேட்டேன். அன்று சாமுவேலும் இதையே கேட்டாராம். அதற்கு சுப்பராயலு சொன்னதை எஸ்தர் அப்படியே சொன்னார்.

“‘நான் பத்தாவது படிச்சவன், எங்கயாச்சும் கணக்கு எழுதிப் பொழச்சிக்குவேன். பாவாவுக்கு எழுத்து தெரியாது. அவருக்கு ஞாபகம் ஒண்ணுதான் சோறு போடுது. அதுலயே தப்பு வந்துச்சுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் அவரு கைல பொதிய குடுப்பான்? நீங்க ஷெட்டுல வந்து சொல்லாதீங்க’ன்னாரு. அண்ணனும் வாக்கு குடுத்துட்டாரு. இப்ப நீங்களே வந்து கேக்கறதால சொல்றேன்.”

எவ்வளவு யோசித்தாலும் அந்த நகரிக்காரர் முகம் எனக்கு வரவில்லை. இப்போதும் என் மனசில் தெரிவது, நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரிப்பதும், சுப்பராயலு கொட்டகை வாசலில் நிற்பதும்தான். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு. நாக்கில் ருசிகூட இருக்கிறது. அது வேறு ஏதோ ஒரு நாளின் சாப்பாடாக இருக்கும். எனக்கு அது இந்த நாளோடு வந்து ஒட்டிக்கொண்டது.

சுப்பராயலுவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். இறந்திருப்பான் என்றுதான் நினைத்திருந்தேன். நகரியில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதினாராம். எஸ்தரின் முதல் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது வந்திருக்கிறார். அதன் பிறகு வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இரண்டு வீட்டுக்கும் பலகாரம் போய் வந்துகொண்டிருக்கிறது. இப்போது ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார்.

“கண்ணு நல்லா தெரியுது. காதுதான் சுத்தமா கேக்காது. எது சொல்றதா இருந்தாலும் கத்தித்தான் சொல்லணும். தெருவே திரும்பிப் பாக்கும்ணா, பரவாயில்லியா?”

“பாக்கட்டும்மா” என்றேன்.

எஸ்தர் சாப்பிடாமல் விடவில்லை. சோறும் முருங்கைக்கீரையும். ஒன்றரை மணி பஸ்ஸில் ஆர்.கே.பேட்டையிலிருந்து கிளம்பி, இரண்டே காலுக்குத் திருத்தணி வந்தேன். மலைக்குப் போகவில்லை. கீழே நின்று ஒரு கும்பிடு போட்டேன்.

இனி இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு. ஆடிக் கிருத்திகை நாட்களில் ரயிலடியைத்தான் நம்ப வேண்டும், பஸ்ஸை எங்கே நிறுத்துவார்கள் என்று சொல்ல முடியாது. மொட்டை போடுவதாக இருந்தால், போட்ட பிறகு குடும்பத்தோடு சந்திக்க ஒரு இடத்தை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சாமானை எங்கே வைத்தாலும் சீட்டு வாங்குங்கள். ‘முகம் ஞாபகம் இருக்கிறது, போய்வாருங்கள்’ என்று சொல்கிற ஆளிடம் மட்டும் வைக்காதீர்கள். மலை, ஆர்.கே.பேட்டை, ரயிலடி என்று சுற்றினாலும் ஒருவருக்குச் சாப்பாட்டோடு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். எனக்கு இதுவரை இருநூற்று இருபது ஆகியிருக்கிறது. அதில் டீ இரண்டு சேர்த்தி.

டிக்கெட் கவுன்டரில் அம்பத்தூருக்கு என்று கேட்கத்தான் போனேன். வாயில் ஏகாம்பரகுப்பம் என்று வந்தது. பத்து ரூபாய். வண்டி நாலு ஐந்துக்கு. அரை மணி நேரப் பயணம், ரேணிகுண்டா பக்கம் போகிற வண்டி எதுவானாலும் அங்கே நிற்குமா என்று கேட்டு ஏறுங்கள், வேகவண்டிகள் நிற்காது. மருமகளுக்கு ஒரு வார்த்தை: சாயங்காலம் நான் வர நேரமாகும். அவன் வீட்டு வாசலில் நின்று நான் கத்தப் போவது இதுதான்: மூட்டையைக் கொடுத்தது நான், பழி சுமந்தது நீ. அவனுக்குக் கேட்கிற வரைக்கும் சொல்லுவேன். அதற்கு முன்னால், என் பேச்சை அன்று நம்பிய இந்த ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே சொல்லிவிட்டேன்.

அன்று அந்தக் கொட்டகையில் நின்றவர்களைப் பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். குத்தகைக்காரர் போய்ப் பல வருஷம் ஆயிற்று. எங்களோடு மூட்டை அடுக்கிய கோவிந்தன், மாரடைப்பில். காசிம் பாய், மகள் வீட்டுக்கு ஹைதராபாத் போன இடத்தில். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பொன்னம்மா, கொரோனாவில். சாமுவேல் போய்விட்டார். மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்த நகரிக்காரரும் இல்லை என்று எஸ்தர் சொன்னார். என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருவன், சுப்பராயலு.